ஐரீன் மிஸ்ஸி சிரித்த ரிக்கார்டு

கண்ணுங்களா, மொட்டைத் தலையோடு நான் வாசற்படி ஏறினதும் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தீர்கள். சிரித்து ஓய்ந்தபின் வள்ளி, "நைனா, ரிக்கார்டு எங்கே?" என்றாள். தணிகை என் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தே பார்த்துவிட்டான். விழுந்தது திருநீற்றுப் பொட்டலமும் அத்தை கட்டிக்கொடுத்த வேர்க்கடலை உருண்டையும்தான். நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். நீங்கள் உருண்டையில் இறங்கிவிட்டீர்கள். உருண்டை நன்றாகத்தான் இருந்தது, அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன பொருளைக் கொண்டுவராத தகப்பன், காரணம் சொல்ல வேண்டும் அல்லவா? அதனால் எழுதிவைக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் வள்ளி திருத்திக்கொள்ளட்டும்.

ஐரீன் மிஸ்ஸியை நீங்கள் பார்த்ததில்லை. நான் மேசை பரிமாறும் ஓட்டலில் யுத்த காலம் முழுவதும் சோல்ஜர்களுக்காக ஜாஸ் பாண்டு வைத்திருந்தார்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதில் பெரிய பாட்டுக்காரி ஒருத்தர், தலையில் இறகு வைத்தவர். அவர் பாடினால் கொழும்பே திரும்பிப் பார்க்கும். ஐரீன் மிஸ்ஸிக்கு விட்டது புட்டிங் முடிந்த நேரம். நாங்கள் பீங்கான்களை அடுக்கி எடுப்போம், துரைமார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார்கள், அப்போது அவர் பாடுவார். கேட்டவர்கள் என்று பார்த்தால் பாண்டுக்காரர்களும் நாங்களும்தான்.

எனக்கு இங்கிலீஷ் பாட்டு தெரியாது. ஆனால் அவர் பாடுவது எங்கள் வேலை மாதிரி இருந்தது. நிறைந்த டிரேயைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவன் அவசரப்பட்டால் சூப் சிந்திவிடும். கால் முன்னால் போகும், டிரே ஒரு இமை நேரம் பின்னால் வரும். அப்படித்தான் தாளம் முன்னால் போகும், அவர் குரல் ஒரு இமை நேரம் பின்னால் வரும். சிந்தவே சிந்தாது. இறகு வைத்த அம்மாள் தாளத்துக்கு முன்னால் ஓடுவார். கைதட்டல் அவருக்கு, சூப் எல்லாம் தரையில் என்று நான் சமையற்கட்டில் சொல்வதுண்டு.

அவர் அரக்கோணத்து ரயில்வேக் குடும்பத்துப் பெண், ஆங்கிலோ-இந்தியர். என் சொந்த ஊர் பக்கத்துத் திருத்தணி என்று தெரிந்த நாளிலிருந்து என்னிடம் நம் ஊர்ப் பேச்சிலேயே பேசுவார். "இன்னா தணிகாசலம், இன்னிக்கும் மிச்சம் மீதி கேக்குறவங்கதான் எனக்கா?" என்பார்.

ஒரு நாள் பட்டாளத்து ரேடியோவிலிருந்து ஒரு சோல்ஜர் ரிக்கார்டு வெட்டும் மெஷினோடு வந்தான். இறகு அம்மாளுக்காகத்தான். அவர் பாடி முடித்தபின் வெட்டாத ரிக்கார்டுத் தட்டு ஒன்று மீதி இருந்தது. வீணாவானேன் என்று ஐரீன் மிஸ்ஸி பாடும்போது மெஷினை ஓடவிட்டான். கடையில் விற்கிற ரிக்கார்டெல்லாம் மூடிய அறைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடுவது. இது அப்படியில்லை. ஆட்கள் எழுந்து போக, பேச, இரும, அவ்வளவும் அதில் விழுந்திருக்கிறது. அலுமினியத் தட்டின்மேல் கறுப்புப் பூச்சு. அந்தப் பூச்சில்தான் குரல். பேர் அச்சடித்த காகிதம்கூட நடுவில் கிடையாது.

அதைப் போட்டால் முதலில் நாற்காலி இழுபடும். ஒருவர் இருமுவார். யாரோ தீக்குச்சி கேட்பார். பிறகு பியானோ. பிறகு, வரமாட்டாரோ என்று நாம் நினைக்கும்போது ஐரீன் மிஸ்ஸி வருவார். எனக்குப் புரிந்த அளவில் பாட்டின் பொருள் இது: உனக்காக விளக்கு வைத்துக் காத்திருந்தேன், எண்ணெய் தீர்ந்துபோனது, என் கோபம் தீரவில்லை. எண்ணெய் என்கிற இடத்தில் நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் டிங்கென்று ஒரு சத்தம். அது நான். அடுக்கின பீங்கான்மேல் இருந்த புட்டிங் கரண்டி சரிந்து தரையில் விழுந்துவிட்டது. வேறு யாராவது என்றால் முறைத்திருப்பார்கள். ஐரீன் மிஸ்ஸி சிரித்தார். பாட்டை நிறுத்தாமல் சிரித்தார். சிரிப்பு எங்கே முடிந்தது, கோபம் தீராத வரி எங்கே தொடங்கியது என்று பிரிக்க முடியாது. கோபக்காரி சிரித்துவிட்டால் அந்த வீட்டில் சண்டை முடிந்தது என்றுதானே அர்த்தம்? பாட்டு எழுதினவருக்கே தெரியாத அர்த்தம் அது.

போன மாதம் பாண்டு முழுவதும் சிங்கப்பூருக்குக் கப்பலேறியது. புறப்படும்போது அவர் அந்த ரிக்கார்டை என் கையில் கொடுத்தார். நான் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தபோது வேண்டிக்கொண்ட மொட்டையைச் செலுத்தத் திருத்தணிக்குப் போவது அவருக்குத் தெரியும்.

"எங்கப்பா இஞ்சின் டிரைவரா இருந்தாரு. நான் பாண்டு மேடையில நின்னு பாடி அவரு கேட்டதேயில்ல. காது போய்கினே கீதுன்னு அத்தை எழுதுது. முழுசா போறதுக்குள்ள ஒரு தபா கேக்கட்டும்," என்றார். "அப்பால இது உன்னுது. நீயும் இதுல கீறியே."

கூடவே மூங்கில் ஊசிகள் கொடுத்தார். இரும்பு ஊசி போட்டால் பூச்சு உரிந்துவிடும், பிறகு பாடாது என்று இரண்டு முறை சொன்னார். இப்போது புரிகிறதா, உங்களிடம் ஏன் அவ்வளவு நம்பிக்கையாகச் சொல்லிவிட்டுப் போனேன் என்று.

கப்பல் கதை, சுங்கச் சோதனைக் கதை எல்லாம் வேண்டாம். ரயிலில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். ரிக்கார்டை அட்டைக்கு நடுவில் வைத்துத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். பட்டாளத்திலிருந்து வீடு திரும்பும் ஆட்கள் மூட்டைமேல் மூட்டையாக ஏறினார்கள். எதிரே ஒரு அம்மாள், அவிழ்த்துக் காட்டு என்று பிடிவாதம் பிடித்தாள். காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிங்க, தோசைக்கல்லுக்கு நடுவுல எதுக்கு ஓட்டை?" என்றாள். பாட்டு என்று சொன்னேன். நம்பவில்லை. தன் வெற்றிலைச் செம்பை அதன்மேல் வைக்கப் பார்த்தாள். அதற்குப் பிறகு நான் அதன்மேல் கை வைத்தபடியே தூங்கினேன்.

அரக்கோணத்தில் இறங்கினது காலையில். ஸ்டேஷனில் மசால்வடை. அரிசி ரேஷன், வடைக்கு மட்டும் குறைவில்லை. நம் கொழும்புக் கடையில் வடைமேல் இறால் வைக்கிறார்களே, அதைச் சொன்னால் அங்கே யாரும் நம்பமாட்டார்கள்.

மிஸ்ஸியின் அப்பா ஆல்பர்ட் துரையின் வீடு மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்தது. கதவைத் திறந்தவர் அவர் தங்கை எஸ்தரம்மா. "எட்ட நின்னு கத்துங்க, கிட்ட நின்னு பேசாதீங்க. கிட்ட பேசினா ரகசியம்னு கோச்சிக்குவாரு," என்று முதலிலேயே எச்சரித்தார். துரை உயரமான மனிதர், கையெல்லாம் கரி ஏறிய தழும்பு. காது கேளாதவர்கள் சத்தமாகப் பேசுவார்கள். இவர் பேசினால் அடுத்த தெருவில் நாய் எழுந்து நிற்கும்.

"எம் பொண்ணு நல்லா துன்றாளா? இளைச்சிகினு கீதா?"

நன்றாகச் சாப்பிடுகிறார் என்று கையால் காட்டினேன். எஸ்தரம்மா தேங்காய்ப்பால் சோறும் கோளா உருண்டைக் குழம்பும் செய்திருந்தார். ரேஷன் நொய்யில் செய்த சோறு. ஆனாலும் நம் வீட்டு மஞ்சள் சோற்றைவிட ஒரு பிடி அதிகமாகவே போயிற்று. இதை உங்கள் அம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பின் அவர்கள் வீட்டுக் கிராமபோன் பெட்டிக்குச் சாவி கொடுத்தோம். மூங்கில் ஊசி பொருத்தினேன். துரை பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். நாற்காலி, இருமல், பியானோ. மூங்கில் ஊசியில் எல்லாம் மெத்தென்று வரும், அதுதான் அதன் அழகு. துரை தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கரண்டி விழுந்தது, மிஸ்ஸி சிரித்தார், பாட்டு முடிந்தது. ரிக்கார்டு வெறுமனே சுற்றியது. துரை கண்ணை மூடியபடி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

எஸ்தரம்மா தோளைத் தொட்டபின்தான் கண்ணைத் திறந்தார். "நல்லா பாடுது," என்றார். "மாதா கோயில்ல பாடுமே, அதே மாதிரி கீது."

மாதா கோயில் பாட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். எஸ்தரம்மா பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு என்னை அழைத்துப் போனார். தன்னிடமும் இப்படியேதான் தலையாட்டுகிறார், கேட்காதது தெரிந்தால் நாங்கள் வருத்தப்படுவோம் என்று ஆட்டுகிறார் என்றார். வாலிபம் பூராவும் இஞ்சினில் நின்ற காது. மிச்சமிருப்பதும் சீக்கிரம் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

நான் யோசித்தேன். இந்தப் பெட்டி போதாது. பெரிய சத்தம் வேண்டும். பெரிய சத்தம் என்றதும் எனக்குத் தெரிந்தது உலகத்தில் ஒரே ஆள்தான், உங்கள் அத்தை புருஷன், திருத்தணி முனிரத்தினம் பாவா. கல்யாணத்துக்கும் கிருத்திகைக்கும் மைக் செட் வைக்கிறவர். அவர் குழாயைக் கட்டினால் மலைமேல் இருக்கும் சாமியே காதைப் பொத்திக்கொள்ளும் என்று அத்தை சொல்வாள்.

மறுநாள் துரையை அழைத்துக்கொண்டு திருத்தணிக்குப் பஸ் ஏறினேன். பஸ் என்றால் நம் கொழும்பில் காலி வீதியில் ஓடுகிற பஸ் என்று நினைக்காதீர்கள். பெட்ரோல் கிடைக்காத நாளில் வந்த கரி பஸ், யுத்தம் முடிந்தும் போகவில்லை. பின்னால் ஒரு பெரிய பீப்பாய், அதில் கரி எரியும், அந்த ஆவியில் வண்டி ஓடும். ஓடும் என்றா சொன்னேன்? பாதி வழியில் ஒரு மேட்டில் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கினோம். துரை முன்னால் போய், சட்டைக் கையை மடித்துவிட்டு, இஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். எல்லாரும் பயபக்தியோடு பார்த்தார்கள்.

"குழாய் அடைச்சிகினு கீது. கழட்டு," என்றார்.

கண்டக்டர் கழற்றினான். குழாய் சுத்தமாக இருந்தது. பீப்பாயைத் திறந்து பார்த்தால் கரி தீர்ந்திருந்தது. "தொரை, இது உங்க ரயிலு இல்ல. பசிச்சா நிக்கும்," என்றான் கண்டக்டர். துரைக்குக் கேட்கவில்லை. பாவம், அந்தக் கிண்டலை அவன் மூன்று தரம் கத்த வேண்டி வந்தது. மூன்றாம் தரத்தில் அவனுக்கே அலுத்துவிட்டது. துரைதான் நிறைய சிரித்தார். கொல்லன் உலையில் கரி வாங்கிப் போட்டு, அனைவரும் தள்ளி, மத்தியானம் ஊர் சேர்ந்தோம். துரையும் தள்ளினார். ரிக்கார்டு மட்டும் பஸ்ஸுக்குள் என் இடத்தில் உட்கார்ந்து வந்தது.

அத்தை வீட்டில் களியும் கத்திரிக்காய்க் கொத்சும். மொட்டைக்கு முன்னால் கவிச்சி கூடாது என்று கருவாட்டுப் பானையைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். பாவா என்னைத் தலை முதல் கால்வரை பார்த்து, "கொழும்பு தொரை, கிராப்பு இன்னைக்கி வரைக்கும்தான், நல்லா சீவிக்கோ," என்றார். ரிக்கார்டை எடுத்துக் காட்டினேன். பாவா அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"மச்சான், இது மெழுகு பூசின மாதிரி கீது. என் செட்டுல இரும்பு ஊசிதான் நிக்கும். ஊசி மாட்டுற கையும் கனம். எறக்கினா ஏர் ஓட்டினாப்புல ஆயிடும். ஒரு தபா தாங்கும், அப்பால நான் பொறுப்பில்ல."

உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு முன்னால் வந்து நின்றது உங்கள் மூன்று பேர் முகம்தான். மூங்கில் ஊசியில் பக்குவமாகப் போட்டால் நீங்கள் பெரியவர்கள் ஆகிறவரை அந்தப் பாட்டு வரும். பொழுது சாயும்வரை அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். துரை அத்தையோடு சைகையில் சீட்டாடிக்கொண்டிருந்தார். தோற்கும்போதெல்லாம் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பாவாவிடம் போய், ஒரே ஒரு தடவை போடுங்கள் என்றேன்.

அடுத்த நாள் காலை குளத்தங்கரைச் சத்திரத்தில் புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் கல்யாணம். பாவாவின் குழாய் சத்திரத்து மாடியில் கட்டியிருந்தது. தாலி கட்டின பிறகு இலை போடுகிறவரை கொஞ்சம் இடைவெளி இருக்கும், அப்போது போடலாம், நான் கூப்பிடுகிறேன் என்றார் பாவா. நான் அதற்குள் முடித்துவிடலாமென்று குளத்தங்கரையில் தலையை நனைத்துக்கொண்டு நாவிதர் முன்னால் உட்கார்ந்தேன்.

ஒரு பக்கம் முடிந்திருக்கும். ஊர் முழுக்கப் பாவாவின் குரல் வந்தது: "கொழும்பு மச்சான் எங்கிருந்தாலும் சத்திரத்து மாடிக்கு வரவும். பாட்டரி எறங்கிகினு கீது."

எழுந்தேன். நாவிதர் துண்டைப் பிடித்து இழுத்தார். "பாதி மொட்டையோட எழுந்து போனா முருகன் உங்களை கேக்கமாட்டாரு, என்னைத்தான் கேப்பாரு," என்றார். திரும்பி வருகிறேன் என்று மலையைக் காட்டிச் சத்தியம் செய்துவிட்டு ஓடினேன். ஒரு பக்கம் கிராப்பு, ஒரு பக்கம் மொட்டை. வழியில் கல்யாண வீட்டுப் பிள்ளைகள் பின்னாலேயே வந்தார்கள். நீங்கள் சிரித்தது ஒன்றுமே இல்லை.

பாவாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்தில் செட் வைத்தாலும் முதல் ரிக்கார்டு முருகன் பாட்டு; அப்போது குழாய் மலையைப் பார்த்து இருக்க வேண்டும். அது முடிந்ததும், வேறு பாட்டு எதுவானாலும் குழாயை மலைக்கு முதுகு காட்டித் திருப்பிவிடுவார். அன்றைக்கும் காலையில் முருகன் பாட்டு முடிந்தவுடனேயே ஏணிமேல் ஏறிக் குழாயைத் திருப்பியிருந்தார். திருப்பின குழாயின் வாய் நேராக மாடியின் உள்பக்கம் இருந்தது. அதற்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு ஆல்பர்ட் துரையை உட்காரவைத்தோம். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஊசி இறங்கியது. நாற்காலி இழுபடும் சத்தம் குளத்தின்மேல் இடிபோல உருண்டது. அந்த இருமலுக்குச் சத்திரத்துப் புறாக்கள் எல்லாம் கிளம்பின. பிறகு ஐரீன் மிஸ்ஸி வந்தார். ஓட்டலில் பீங்கான் சத்தத்துக்கு நடுவில் மிச்சம் மீதிக்காரர்களுக்குப் பாடினவர், திருத்தணி முழுவதற்கும் பாடினார். கீழே கல்யாணக் கூட்டம் அண்ணாந்து பார்த்தது. பெண்ணின் மாமா ஒருவர் தெலுங்கில், இந்தப் பொம்பளை அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கேட்டார். இரண்டும்தான் என்று பாவா தெலுங்கிலேயே பதில் சொன்னார்.

துரை தலையை ஆட்டவில்லை. அதைத்தான் நான் முதலில் பார்த்தேன். அசையாமல் இருந்தார். கரண்டி விழுந்த இடம் கடந்து சிரிப்பு வந்ததும் கையை உயர்த்தினார்.

"சிரிக்கிறா," என்றார். "எஸ்தர் மாதிரி இல்ல, இவ அம்மா மாதிரி சிரிக்கிறா."

முடிந்ததும் என் பக்கம் திரும்பி, நடுவில் எதுக்குச் சிரித்தாள் என்றார். காதருகே கையைக் குவித்துக் கத்தினேன், நான்தான் கரண்டியைக் கீழே போட்டேன் என்று. சத்திரம் முழுவதும் அதைக் கேட்டது.

"கரண்டியா? எனக்கு கேக்கலியே. இன்னொரு தபா போடு."

பாவா என்னைப் பார்த்தார். ஒரு தடவை என்றுதானே பேச்சு. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தகப்பன் கேட்டாயிற்று, சொன்ன வேலை முடிந்தது. நான் போடுங்கள் என்று கையைக் காட்டினேன்.

இந்தத் தடவை குரலுக்குப் பின்னால் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல் சேர்ந்திருந்தது. துரை நாற்காலியை இழுத்துக் குழாய்க்குள்ளேயே போய்விடுவார் போல உட்கார்ந்தார். முடிந்ததும் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இஞ்சின் இஸ்துட்டுது. கடைசி பெட்டி இன்னும் நிக்குது. கொக்கி கொக்கியா ஆட்டம் போய், அப்பாலதான் அது மெதுவா கெளம்பும். அப்டி பாடறா. யாரு சொல்லிக்குடுத்தாங்க இவளுக்கு?" பிறகு, "ஆனா அந்தக் கரண்டி கேக்கல," என்றார்.

நான் டிரே என்று நினைத்ததை அவர் கடைசிப் பெட்டி என்றார். எங்கள் ஓட்டல் ஹாலில் அத்தனை நாள் அத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருத்தரும் அதைச் சொன்னதில்லை.

பாவா என்னைத் தனியே கூப்பிட்டு ஊசியைக் காட்டினார். நுனியில் கறுப்பு நூல் சுற்றியிருந்தது. பூச்சு உரிந்து வந்தது. "உசுரு இழை இழையா வருது மச்சான். இன்னொண்ணு தாங்கும். அதுல கரண்டி எல்லாம் இருக்காது, இரைச்சல்தான் இருக்கும்," என்றார்.

நான் கீழே ஓடினேன். சமையற்கட்டில் போய் ஒரு கரண்டி வேண்டும் என்றேன். என் தலையைப் பார்த்துத் தலைமைச் சமையற்காரர் சாம்பார்க் கரண்டியை நீட்டினார். அது என் கை நீளம் இருந்தது. சின்னது வேண்டும் என்றதும், "எல்லாருக்கும் இலை போட்டப்புறம் வாங்க சாமி," என்றார். பக்கத்திலிருந்த நெய்க் கிண்ணத்திலிருந்து பித்தளைக் கரண்டியை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

துரைக்குப் பக்கத்தில் கருங்கல் படி ஒன்று இருந்தது. அதன் ஓரம் நின்றேன். பாவா ஊசியை இறக்கினார். இரைச்சலுக்குள்ளிருந்து நாற்காலி, இருமல், எல்லாம் தூரத்து ஊரிலிருந்து வருவது போல வந்தன. மிஸ்ஸி பாடினார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கரண்டி கீழே விழுந்திருக்கிறது, வேண்டுமென்று நேரம் பார்த்துப் போட்டதில்லை. முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது. எண்ணெய் தீர்ந்தது என்று நிறுத்தினார். நான் விட்டேன்.

கல்லில் டிங்கென்று விழுந்து ஒரு துள்ளுத் துள்ளியது. துரையின் தலை சட்டென்று என் பக்கம் திரும்பியது. அதே நேரம் குழாயிலிருந்து ஐரீன் மிஸ்ஸி சிரித்தார், அந்தக் கரண்டிக்கே சிரித்தது போல. துரை கரண்டியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், என் பாதித் தலையைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள், சிரிப்பு அந்த மாடியில் இருந்தது. இருவரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினார்கள். படியில் நின்ற பிள்ளைகளும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். பாட்டு தொடர்ந்து போயிற்று; கடைசி வரி இரைச்சலில் முழுகிவிட்டது.

ரிக்கார்டை எடுத்து அட்டையில் வைத்துத் துரையிடம் கொடுத்தேன். கறுப்பு போய்ச் சாம்பலாகியிருந்தது. இனி இது பாடாது என்று கத்தினேன். அவருக்கு அது கேட்டுவிட்டது.

"அதான் பாடிச்சே," என்றார்.

பிறகு எங்களையும் பந்தியில் உட்காரவைத்தார்கள். நெய் பரிமாறக் கரண்டி காணோம் என்று சமையற்கட்டில் பெரிய சத்தம். கழுவிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பாட்டுக்குப் பின் நாவிதர் மீதிப் பாதியை முடித்தார். முதல் பாதியைவிடக் கொஞ்சம் அழுத்தியே வழித்தார். சந்தனம் பூசிக்கொண்டு மலை ஏறினேன். சின்னவன் பேரைச் சொன்னேன். அதற்குப் பிறகு ஐரீன் மிஸ்ஸி பேரையும் சொன்னேன். சாமிக்குத் தெரியாத பேராக இருக்காது. குழாய்தான் மலைக்கு முதுகு காட்டியிருந்தது, சத்தத்துக்கு ஏது முதுகு?

மாலையில் துரை கரி பஸ் ஏறினார். அதே கண்டக்டர். "தொரை, இன்னைக்கி பீப்பா நெறைய கரி கீது," என்று தொலைவிலிருந்தே கத்தினான். துரை ரிக்கார்டை மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் தொப்பியை வைத்துக்கொண்டார்.

இவ்வளவுதான் காரணம். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய பாட்டு அது. கேட்க முடியாமல் செய்தது நான்தான், திரும்ப அந்த மாடியில் நின்றாலும் அதையேதான் செய்வேன். அதனால்தான் நாற்காலியிலிருந்து இருமல்வரை ஒன்றுவிடாமல் எழுதினேன். வள்ளி, நீ தம்பிகளுக்குப் படித்துக் காட்டும்போது எண்ணெய் என்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்து.

வேலைக்குத் திரும்பின முதல் நாள் காலை, மற்றவர்கள் வருவதற்கு முன்பே சாப்பாட்டு ஹாலுக்குப் போனேன். நாற்காலிகள் எல்லாம் மேசைகளின்மேல் கவிழ்த்து வைத்திருந்தன. பாண்டு நின்ற மேடையில் இப்போது பூந்தொட்டிகள். நான் அன்றைக்கு நின்ற இடத்தில் போய் நின்று, ஒரு புட்டிங் கரண்டியை எடுத்து, கையை விட்டேன். தரையில் விழுந்தது. அவர் சிரித்து முடிக்கிற நேரம்வரை காத்திருந்து, பிறகு குனிந்து எடுத்தேன்.